பத்தாவது ஆள் வரலைன்னா பிரார்த்தனை இல்லை: யூதர்களின் ‘மின்யான்’ கணக்கும் கொச்சியின் கதையும்

கடம்பத்தூர் ஒன்றியத்தில் ஏதாவது ஒரு ஊராட்சியில் கிராம சபை நடந்தால், தீர்மானங்களுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது வருகைப் பதிவேடு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 10,000-ஐத் தாண்டிய ஊராட்சியில் 300 பேர் கூட வேண்டும். இதுதான் ‘கோரம்’. மக்களவைக்கும் இப்படி ஒன்று உண்டு. மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்தான் அவை நடக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற கம்பெனி ஊழியருக்கு ஜனவரி 26 அன்று கிராம சபையில் போய் உட்காருவது கஷ்டம்தான். ஆனாலும் அவருடைய கையெழுத்தும் அந்தக் கணக்கில் ஒன்று.

கூட்டத்துக்கு கோரம், சரி. கடவுளைக் கும்பிடவும் கோரம் வேண்டுமா? யூத மதத்தில் வேண்டும். பத்துப் பேர். ஒன்பது பேர் வந்து பத்தாவது ஆள் வரவில்லை என்றால், சில முக்கியமான பிரார்த்தனைகளைத் தொடங்கவே முடியாது. இந்தப் பத்துக்குப் பெயர் ‘மின்யான்’. ஹீப்ரு மொழியில் எண்ணிக்கை என்று பொருள்.

கேட்பதற்குச் சின்ன விதி. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்று பிரார்த்தனைக்கு வருபவர்களைவிட டிக்கெட் வாங்கி வருபவர்களை அதிகமாகப் பார்ப்பது ஏன், எர்ணாகுளம் மார்க்கெட் பகுதியில் ஒரு ஜெப ஆலயம் பல வருடம் மூடிக் கிடந்தது ஏன் என்று கேட்டால், பதில் இந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது.

பத்துப் பேர் இல்லாமல் என்ன செய்யலாம், என்ன கூடாது?

முதலில் ஒரு தெளிவு. யூதர் ஒருவர் தனியாகப் பிரார்த்திக்கத் தடை ஏதும் இல்லை. வீட்டிலோ ரயிலிலோ அலுவலகத்திலோ அவர் தன் தினசரி வேண்டுதல்களைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சில விஷயங்கள் சபைக்கு மட்டுமே உரியவை. தோரா சுருளை எடுத்து ஆசியோடு பொதுவில் வாசிப்பது, பிரார்த்தனைக்கு வரும்படி சபையை முறைப்படி அழைப்பது, கடவுளின் புனிதத்தைக் கூட்டாகப் போற்றும் ‘கெதுஷா’, துக்கத்தில் இருப்பவர் சொல்லும் ‘கடிஷ்’ எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பத்துப் பேர் இல்லாமல் எவற்றைச் செய்யக் கூடாது என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பே வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

இதில் மனதைத் தொடுவது கடிஷ்தான். பெற்றோரை இழந்த மகன் பதினோரு மாதம் தினமும் இதைச் சொல்வது வழக்கம். ஆச்சரியம் என்னவென்றால், அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது; முழுக்கக் கடவுள் துதி. பெரும்பகுதி அரமேய மொழி. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். அந்த மற்றவர்கள் இல்லை என்றால் கடிஷும் இல்லை. அம்மாவை இழந்த ஒருவர் காலையில் ஜெப ஆலயத்துக்கு வந்து, ஒன்பதே பேர் இருந்ததால் கடிஷ் சொல்லாமல் திரும்பிப் போகிற நிலை வரலாம். நம்ம ஊரிலும் ஒரு ஆளின் வாழ்க்கையை ‘சாவுக்கு நாலு பேர் வேணும்’ என்றுதான் அளக்கிறோம். அந்த நாலு பேர் ஒரு பேச்சுவழக்கு. இவர்களுடைய பத்து, சட்டம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தப் பத்தில் மதகுரு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்பது ரபிகள் கூடினாலும் மின்யான் ஆகாது, பத்து செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஆகிவிடும் என்ற பொருளில் யூதர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. கேரள யூதர்கள் இதற்கு நல்ல உதாரணம். பல நூற்றாண்டுகள் வாழ்ந்தும் அவர்களிடம் முறையாகப் பட்டம் பெற்ற ரபி பரம்பரை என்று ஒன்று இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர்களும் ராகத்தோடு பிரார்த்தனையை நடத்துபவருமே போதுமானவர்களாக இருந்தார்கள்.

சரி, ஏன் பத்து?

இதற்கான விளக்கம் கொஞ்சம் விசித்திரமானது. மோசே கானான் நாட்டை வேவு பார்க்க 12 பேரை அனுப்புகிறார். யோசுவா, காலேப் இருவரைத் தவிர மற்ற 10 பேரும் பயந்துபோய் மக்களின் மனதைக் கெடுத்துவிடுகிறார்கள். கடவுள் கோபத்தில் அவர்களைப் பொல்லாத ‘சபை’ என்று குறிப்பிடுகிறார். ஆக, சபை என்றால் குறைந்தது 10 பேர் என்று தால்முத் அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். புனிதமான கூட்டத்துக்கான அளவுகோலை பத்து கோழைகளிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்! யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சபை ஆவதற்கு நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்க்கவில்லை. வந்து நின்றால் போதும்.

சோதோம் நகரத்துக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசிய கதையையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். 50 நல்லவர்களில் ஆரம்பித்த பேரம் 45, 40, 30, 20 என்று இறங்கி 10-ல் நிற்கிறது. அதற்குக் கீழே அவரும் கேட்கவில்லை. மிஷ்னாவில் இன்னொரு சுவாரஸ்யமான வரையறை உண்டு. எது பெரிய ஊர்? வேலைவெட்டியை விட்டுவிட்டு ஜெப ஆலயத்துக்கு வரக்கூடிய பத்துப் பேர் இருக்கிற ஊர்தான் பெரிய ஊர்.

எண்ணக் கூடாது, ஆனால் எண்ணியாக வேண்டும்

பத்து இருக்கிறதா என்று பார்க்க எண்ண வேண்டும். ஆனால் மனிதர்களைத் தலை எண்ணுவது ஆகாது என்பது யூத மரபு. அதனால் சரியாகப் பத்து வார்த்தைகள் கொண்ட ஒரு சங்கீத வசனத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசி வார்த்தைக்கு ஆள் இருந்தால் மின்யான் ரெடி. களத்தில் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குகிற வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண்ணு பட்டுடும் என்று பாட்டிகள் தடுப்பதும் இதே ரகம்தான்.

யார் யார் கணக்கில் வருவார்கள்? பழைமை முறையைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் 13 வயது நிரம்பிய யூத ஆண்கள் மட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பத்துப் பேரில் சிலர் ஏற்கெனவே பிரார்த்தனையை முடித்தவர்களாக இருந்தாலும், பெரும்பான்மையாக ஆறு பேர் இனிமேல்தான் பிரார்த்திக்கப் போகிறவர்களாக இருந்தால் போதும். பத்துப் பேரோடு தொடங்கிய பிறகு சிலர் எழுந்து போய்விட்டால், ஆறு பேராவது மிஞ்சும்வரை அந்தப் பகுதியை முடித்துவிடலாம். உட்கார்ந்தபடியே ஒருவர் தூங்கிவிட்டாலும் அவர் கணக்கில் உண்டு என்கிறது 16-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘ஷுல்ஹான் ஆருக்’ சட்ட நூல். ஆபீஸ் மீட்டிங் நடத்துபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு ஆள் குறையும்போது என்ன செய்வது என்று தால்முத்தில் பெரிய விவாதமே நடக்கிறது. ஒன்பது பேரோடு தோரா பேழையையும் சேர்த்துப் பத்தாகக் கணக்கிடலாம் என்கிறார் ஒருவர். பேழை எப்படி மனுஷன் ஆகும் என்று இன்னொருவர் மடக்குகிறார். அதே பக்கத்தில் ரபி எலியேசர் பற்றிய சம்பவமும் வருகிறது. ஜெப ஆலயத்துக்கு வந்த அவர் பத்துப் பேர் இல்லை என்பதைப் பார்த்து, தன் அடிமையை அங்கேயே விடுதலை செய்து, அவரையே பத்தாவது ஆளாக நிறுத்துகிறார். விடுதலை பெற்ற அந்த நிமிடத்தில் அந்த மனிதர் முழு யூதர், சபையில் ஒருவர். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொச்சிக்குப் போகும்போது தேவைப்படும்.

கூட்டு வழிபாட்டுக்கு எண் வைப்பது யூதர்கள் மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஷாஃபி சட்டப் பிரிவில் 40 ஆண்கள் வேண்டும். ஹனஃபி பிரிவில் இமாம் தவிர மூன்று பேர் போதும். தமிழ்நாட்டிலேயே இரண்டும் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்கள் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. கிறிஸ்தவத்தில் இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்பதுதான் எண்ணம்.

சென்னைக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. கடம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மண்ணடிப் பக்கம் போனால் பவளக்காரத் தெரு வரும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து இங்கே விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். இப்போது அவர்களுடைய கல்லறைகளில் சில, அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாறிய லாயிட்ஸ் ரோட்டில் இருக்கின்றன. வணிகத்துக்கு வந்தவர்கள் வணிகம் முடிந்ததும் போய்விட்டார்கள். கேரளத்தின் கதை அப்படி இல்லை. அங்கே யூதர்கள் ஊர்க்காரர்கள்.

கொச்சியில் யார் ‘ஆள்’?

கேரளத்தில் யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள். மலபார் யூதர்கள் எனப்படும் இவர்கள்தான் பெரும்பான்மை. 1492-ல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றிய பிறகு அங்கிருந்தும், வேறு நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் பரதேசி யூதர்கள். தமிழில் இப்போது ‘பரதேசி’ ஒரு வசவு. அங்கே அதன் நேர்ப் பொருள்தான்: வேறு தேசத்திலிருந்து வந்தவர். எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் வணிகத்தில் செல்வாக்கு அதிகம். வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தவர்களைச் சமமாக ஏற்கவில்லை. திருமண உறவு இல்லை. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பெயர்களும் ஒட்டிக்கொண்டன. நம்மைச் சுற்றி இருக்கிற சாதி, ஜெப ஆலயத்துக்குள்ளும் பாய் விரித்துப் படுத்துவிட்டது.

பரதேசி ஜெப ஆலயத்துக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு பிரிவு இருந்தது. ‘மெஷுஹ்ராரிம்’, அதாவது விடுவிக்கப்பட்டவர்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள் என்று இவர்களைச் சொன்னார்கள். இவர்கள் பெஞ்சில் உட்கார முடியாது. வெளி அறைத் தரையில்தான் இடம். தோரா வாசிக்க அழைப்பு வராது. இறந்தால் அதே கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது.

இது யூதச் சட்டப்படி சரியா என்ற கேள்வி 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, ரபி டேவிட் இப்ன் சிம்ராவுக்குப் போனது. முறைப்படி விடுதலையும் சடங்கு முழுக்கும் முடிந்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள்தான், திருமண உறவும் கொள்ளலாம் என்பதுதான் அவர் பதிலின் சாரம். ரபி எலியேசர் கதையும் அதையேதான் சொல்கிறது. கொச்சி கேட்கவில்லை.

கேட்க வைக்கப் போராடியவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). நம்ம சேலம் ஊருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸில் சட்டம் படித்து, கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர் ஆனார். கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் இரண்டு காலகட்டங்களில் உறுப்பினராக இருந்தார். 1929-ல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய்வந்தார். வெளியே மரியாதைக்குரிய வக்கீல். சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குப் போனால் தரை.

சேலம் கையிலெடுத்தது சத்தியாக்கிரகம். மகன்களோடு சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார், ஒரு கட்டத்தில் ஜெப ஆலயத்தையே புறக்கணித்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1930-களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் 1950-ல் அவர் மகன் ஒருவர் பரதேசி குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதுகூட கடும் எதிர்ப்பு எழுந்தது. பெஞ்சில் இடம் கொடுப்பது ஒன்று, வீட்டில் இடம் கொடுப்பது வேறு.

இங்கேதான் காலம் கணக்கைத் திருப்பிப் போட்டது. சில பத்தாண்டுகளில் மட்டாஞ்சேரியில் பரதேசி ஆண்கள் பத்துப் பேர் தேறவில்லை. பண்டிகை நாளில் மின்யான் நிறைவதற்கு, எர்ணாகுளத்தில் மிஞ்சியிருந்த மலபார் யூதர்களும் வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்த யூதர்களும் தேவைப்பட்டார்கள். எவரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்தால்தான் உள்ளே பிரார்த்தனை என்ற நிலை.

ஒரு குடும்பம் கிளம்பினால்

இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். பரதேசிகள் அதில் நூறு பேர் அளவுக்குத்தான். 1948-ல் இஸ்ரேல் உருவானது. 1950-களின் நடுவில் மலபார் யூதர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே குடியேறினார்கள். இங்கே அவர்களை யாரும் துரத்தவில்லை. மத ஏக்கம், பொருளாதாரக் காரணம் எல்லாம் சேர்ந்துதான் போனார்கள். ஆனால் ஊர் ஊராக மொத்தமாகப் போனதில் மின்யானுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். 12 ஆண்கள் உள்ள ஊரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கிளம்பினால் மிச்சம் 9. அந்த 9 பேரும் ஊரிலேயே இருக்கலாம், வீடு இருக்கும், கடை இருக்கும், ஆனால் தோரா வாசிப்பு இல்லை, கடிஷ் இல்லை. பிறகு அவர்கள் இருந்து என்ன செய்வார்கள்?

மாளாவில் இருந்தவர்கள் 1955-ல் கிளம்பும்போது ஜெப ஆலயத்தை உள்ளூர் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சேந்தமங்கலம், பரவூர் ஜெப ஆலயங்கள் இன்று அரசின் பாரம்பரியச் சின்னங்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் கழற்றி எடுக்கப்பட்டு, ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தப்பட்டுவிட்டன. எர்ணாகுளம் கடவும்பாகத்தில் 1972-ல் வழிபாடு நின்றது. அதைக் காப்பாற்றி வந்த குடும்பத்துக்காரர் வாசல் பக்கத்தில் அலங்கார மீன்களும் செடிகளும் விற்றபடியே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டார். பழுதுபார்ப்புக்குப் பிறகு 2018-ல் அங்கே மறுபடி ஒரு தோரா சுருள் வந்தது.

பரதேசி ஜெப ஆலயம் மட்டும் முழுதாக மூடவில்லை. 1968-ல் அதன் 400-ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியானது. கையால் வரைந்த சீன ஓடுகளையும் 18-ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டையும் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. யூதத் தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த, ஊரே அறிந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். 2024 ஆகஸ்ட்டில் குவீனி ஹலேகுவா மறைந்தபோது, பரதேசி யூதர்களில் இனி கொச்சியில் எஞ்சியிருப்பது ஒரே ஒருவர் என்று செய்திகள் வந்தன.

பெண்கள் ஏன் கணக்கில் இல்லை?

கவனித்தீர்களா, மட்டாஞ்சேரி என்றதும் வெளியுலகம் கடைசியாக அறிந்த முகங்கள் பெண்களுடையவை. ஆனால் ஆர்த்தடாக்ஸ் கணக்கில் அவர்கள் மின்யானில் வரமாட்டார்கள். குறிப்பிட்ட நேரத்தில் செய்தே தீர வேண்டிய மதக் கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு, கடமை இல்லாதவர் எண்ணிக்கையில் சேரமாட்டார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேரள யூதப் பெண்கள் விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுகள் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியவர்கள் அவர்கள்தான். மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்த ரூபி டேனியல் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1995-ல் புத்தகமாக வந்தன. அந்தச் சமூகத்தை உள்ளிருந்து அறிய இன்றும் அதைத்தான் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மற்ற பிரிவுகள் மாறியிருக்கின்றன. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு 1973-ல் பெண்களையும் எண்ணலாம் என்று அனுமதித்தது. சீர்திருத்தப் பிரிவினர் பத்து என்ற எண்ணையே கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. கொரோனா வந்தபோது இன்னொரு சிக்கல். பத்துப் பேர் ஜூம் காலில் இருந்தால் மின்யானா? நெருக்கடி முடியும்வரை சரி என்றார்கள் கன்சர்வேட்டிவ் ரபிகள். ஆர்த்தடாக்ஸ் ரபிகள் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள், ஒரே இடத்தில் உடம்போடு இருக்க வேண்டும் என்று. இஸ்ரேலில் சில தெருக்களில் எதிரெதிர் வீட்டு பால்கனிகளில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பத்தைத் தேற்றினார்கள்.

டெல்லியில் ஹுமாயூன் சாலையில் இருக்கும் ஜூடா ஹயாம் ஜெப ஆலயத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது. தலைநகரில் யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பத்து ஆண்களுக்காகக் காத்திருந்தால் வழிபாடே நின்றுவிடும். அதனால் அதைப் பல காலம் நடத்திவந்த எசேக்கியேல் ஐசக் மலேக்கர் பெண்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலைப் பிரார்த்தனை அங்கே தொடர்ந்தது.